வீடு கட்டப் போனவர்கள்

மட்டக்களப்பு வாவிக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்ததுமே அவளுக்கொரு வீடு என்ற கணக்கும் பிறந்துவிடும். இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு, மூன்று என்றால் மூன்று. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் மனைவியின் வீட்டுக்குக் குடிவருகிறார். கொஞ்சக் காலம் எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். பிறகு பெற்றோர் அந்த வீட்டை மூத்தவளுக்கு விட்டுவிட்டு, இளைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ எழுப்பிய இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். அந்த வீடும் அடுத்தவளுக்கென்று கட்டியதுதான். கடைசி மகளும் குடும்பமான பிறகு, தாய் தகப்பனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சிறு குடில், அல்லது இளைய மகள் வீட்டில் ஓர் அறை.

தேற்றாத்தீவிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் குவைத்துக்கும் கட்டாருக்கும், சுவிசுக்கும் லண்டனுக்கும், அவுஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் கதை இந்த வழக்கத்திலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். போர் பலரைத் துரத்தியது, கடன் பலரை ஏற்றி அனுப்பியது. ஆனால் யார் போவது, யார் நின்று பிள்ளைகளைப் பார்ப்பது, அனுப்பும் காசு எதில் போய் முடிவது என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானித்தது பெண்ணுக்குரிய அந்த வீடுதான்.

வாவியும் வளவும்

தேற்றாத்தீவு, மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நிர்வாகப்படி மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேசம். வடக்கே குருக்கள்மடமும் செட்டிபாளையமும், தெற்கே களுதாவளையும் களுவாஞ்சிகுடியும். கிழக்கே வங்கக்கடல், மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவி. இடையில் மணல் நிலம். அந்த மணலில் கிணறு வெட்டி நீர் இறைத்து மிளகாய், கத்தரி, வெற்றிலை என்று தோட்டம் செய்வது இந்தக் கரையின் தொழில். களுதாவளை வெற்றிலைக்கு நாடு முழுவதும் பேர் உண்டு. தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலும், தூர இடங்களிலிருந்து ஆட்கள் வந்து போகும் புனித யூதாததேயு திருத்தலமும் ஊரின் அடையாளங்கள்.

வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. குடியிருப்பும் தோட்டமும் இந்தப் பக்கம் என்றால் வயல் அந்தப் பக்கம். விதைப்புக்கும் அறுப்புக்கும் எழுவான்கரைக்காரர் வாவியைக் கடந்துபோய், வயலோர வாடியில் கிடந்து, நெல்லோடு திரும்புவார்கள். கடக்க உதவும் மிதவைக்குப் பாதை என்று பெயர். மண்முனைப் பாதை, அம்பிளாந்துறைப் பாதை என்று துறைக்குத் துறை ஒன்று. 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் மோட்டார் சைக்கிளும் ஆசிரியரும் நெல்மூடையும் ஒரே மிதவையில்தான் கடந்தார்கள். ஆம்பிளை வெளியே போய் உழைப்பதும், பெண் வளவில் நின்று குடும்பத்தைத் தாங்குவதும் விமானம் வருவதற்கு முன்பே இங்கே பழகிப்போன ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. இந்தப் பகுதியின் முக்குவர் சமூகத்து வழமைப்படி முதுசச் சொத்து தாய்வழியே இறங்கியது. மாமனுடையது சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. கிறிஸ்டோபர் பிரித்தோ அந்த வழமையைத் தொகுத்து நூலாக்கிய 1876ஆம் ஆண்டிலேயே, பிரித்தானிய அரசின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமைக்குப் பொது விதி கொண்டுவந்தது. ஏட்டில் பழைய வழமை மறைந்தது. நடைமுறையில் அது சீதனமாக உருமாறிப் பிழைத்துக்கொண்டது. தாய் தன் வீட்டையும் வளவையும் உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வாரிசுச் சட்டம் அங்கே நுழைய வழியில்லை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றுப் பகுதியில் பல ஆண்டு தங்கி ஆராய்ந்து விரிவாக எழுதியது இதைப் பற்றித்தான். குடி எனப்படும் குலமும் தாய்வழிதான்: பிள்ளை தாயின் குடியைச் சேரும், ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. கோயில் திருவிழா நாட்கள் குடிக்குக் குடி பகிரப்பட்டிருக்கும்; அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வண்ணக்கருடையது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் மருதமுனையிலும்கூட வீடு மகளுக்குத்தான். மொழியால் ஒன்றுபட்டு மதத்தால் வேறுபட்ட இரு சமூகங்களும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதில் ஒரே வழியில் நிற்பது கிழக்கின் அழகுகளில் ஒன்று.

வந்தவர்கள், போனவர்கள்

இந்தக் கரை ஆட்களை அனுப்புவதற்கு வெகுகாலம் முன்பே ஆட்களை ஏற்றுக்கொண்டது. ஒல்லாந்தரின் கப்பற் தலைவர் ஜோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் 1602இல் மட்டக்களப்பில்தான் இறங்கினார். போர்த்துக்கீசர் 1628இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்தது. போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் மட்டும் போகவில்லை. தச்சும் கொல்லும் தையலும் செய்து, கல்யாண வீட்டில் கஃபிரிஞ்ஞா ஆடி, வீட்டுக்குள் போர்த்துக்கீசக் கிரியோலும் தெருவில் தமிழும் பேசி நான்கு நூற்றாண்டு கடந்தார்கள். ஐரோப்பாவில் வேர்பிடிக்கும் மட்டக்களப்புப் பிள்ளைகள் இன்று செய்வதும் இதே வேலைதான்: ஒரு மொழியை வீட்டுக்குள் வைத்துக் காப்பது, இன்னொன்றைத் தெருவில் பேசுவது. 2004 ஆழிப்பேரலை பறங்கியர் வாழ்ந்த டச்பார் பகுதியை அழித்தபோது, அந்தக் கிரியோலைப் பேசியவர்களில் ஒரு பங்கும் அதோடு போனது.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து யேசுசபைத் துறவிகள் மட்டக்களப்புக்கு வந்தார்கள். 1948இல் வந்த பென்ஜமின் ஹென்றி மில்லர் புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார், தமிழ் பேசினார். போர்க்காலத்தில் காணாமற்போனவர்களின் தாய்மார் சொன்னதைக் கேட்டுப் பதிவு செய்து, மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் உழைத்தார். அதே 1948இல் வந்த இயூஜின் ஹீபர்ட் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ்ச் சிறுவனோடு காணாமற்போனார். இன்றுவரை தடயமில்லை. மில்லர் பிறந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 2019 ஜனவரி 1இல், 93ஆவது வயதில் மட்டக்களப்பிலேயே காலமானார். எழுபது ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்து அங்கேயே மண்ணாகிறவரை அந்த ஊர்க்காரர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது.

வெளியே போனவர்களில் முதற்பெயர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்து, மட்டக்களப்பில் படித்து, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் இமயமலை மாயாவதி ஆசிரமத்தில் அமர்ந்து ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில இதழைப் பார்த்துக்கொண்டார். அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் தஞ்சை மண்ணின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே மறைந்தார். அடக்கம் கல்லடியில். இமயக் குளிரில் இருந்தாலும் பழந்தமிழரின் இசைக்கருவியைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்கும் வேலையை அவர் கைவிடவில்லை. இன்று அவரைப் படிக்கும்போது துறவியைவிட, சேர்ந்த இடமெல்லாம் பிறந்த இடத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு பயணிதான் கூடுதலாகத் தெரிகிறார்.

மற்றொருவர் எஸ். பொன்னுத்துரை. நல்லூரில் 1932இல் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்து, அங்கேயே மணம் முடித்து, மட்டக்களப்பாராகவே எழுதினார். பிறகு நைஜீரியாவில் ஆசிரியத் தொழில், கடைசியில் அவுஸ்திரேலியா. நைஜீரியாவுக்குப் போனவர் சம்பளத்தோடு ஆபிரிக்க இலக்கியத்தையும் எடுத்து வந்து தமிழில் தந்தார். புலம்பெயர்ந்தோர் எழுதிய கதைகளை இந்திரா பார்த்தசாரதியோடு சேர்ந்து ‘பனியும் பனையும்’ என்ற தொகுப்பாக 1994இல் கொண்டுவந்தார். 2014இல் சிட்னியில் காலமானார்.

படித்தவர்களின் பயணம் இப்படி ஒற்றையாகவே இருந்தது. மலாயா, சிங்கப்பூர் என்று யாழ்ப்பாணத்திலிருந்து போன கிளார்க்குமாரின் அலை கிழக்கில் பெரிதாக எழவில்லை. கிழக்கு கூட்டமாகக் கிளம்பியது போர் வந்த பிறகுதான்.

துரத்தப்பட்டவர்கள்

1987 ஜனவரி 28இல் படுவான்கரையின் மகிழடித்தீவு இறால் பண்ணையில் விசேட அதிரடிப்படையினர் பண்ணைத் தொழிலாளரையும் ஊராரையும் சுட்டுக் கொன்றார்கள். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட ஊரார் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12இல் கொக்கட்டிச்சோலையில் இன்னொரு படுகொலை. அதே காலத்தில் விடுதலைப் புலிகள் குருக்கள்மடம் வழியாகப் பயணம் செய்த முஸ்லிம்களைக் கடத்திக் கொன்றார்கள். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டார்கள். குருக்கள்மடமும் காத்தான்குடியும் எழுவான்கரையின் ஒற்றை வீதியில் இருக்கும் ஊர்கள். அந்த வீதியில் பஸ் ஏறுவதே பயமாகிப்போனது.

ஆம்பிளைப் பிள்ளைகளை வெளியே எடுப்பது அப்போது உயிர்காக்கும் காரியம். பின்னாளில் புலிகள் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டபோதும், 2004 மார்ச்சில் இயக்கம் பிளந்து இரு பக்கமும் பிள்ளைகளைப் பிடித்தபோதும் பெண்பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். அப்போது காணியை விற்றார்கள், நகையை அடகு வைத்தார்கள். கொழும்பு லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்து, ஏஜென்சிக்காரன் சொன்ன பாதையில் போனார்கள். பலருடைய விஷயத்தில் அப்படி விற்ற காணி தங்கையின் சீதனத்துக்கென்று வைத்திருந்தது. அண்ணன் தப்பிப் போனது தங்கையின் வீட்டை விழுங்கித்தான். அதைத் திரும்பக் கட்டிக்கொடுக்கும் பொறுப்போடுதான் அவன் சூரிச்சிலோ பாரிஸிலோ இறங்கினான்.

சுவிட்சர்லாந்தில் இன்று ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர் வாழ்கிறார்கள் என்று கணக்கிடுகிறார்கள். வந்து இறங்கியவரை அரசே ஏதாவதொரு மாநிலத்துக்கு ஒதுக்கும்; நண்பன் ஜெனீவாவில் இருந்தாலும் ஆள் சென் காலனுக்குப் போகவேண்டி வரும். அங்கே வாழ்க்கை எழுத்துகளில் நகரும். வழக்கு நடக்கும்வரை ‘என்’ அட்டை, தற்காலிக அனுமதிக்கு ‘எஃப்’, வதிவிடத்துக்கு ‘பி’, நிரந்தரத்துக்கு ‘சி’. ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போகப் பலருக்குப் பத்து வருடம் பிடித்தது. வேலை கிடைத்தது உணவகத்துச் சமையலறையில், மருத்துவமனைத் துப்புரவில், முதியோர் இல்லத்தில். வகுப்பில் படிப்பித்த ஜெர்மன் ஒன்று, சமையலறையில் காதில் விழும் சுவிஸ் ஜெர்மன் இன்னொன்று. சட்டிபானை கழுவிய இளைஞர்கள் பின்னதைத்தான் முதலில் பிடித்தார்கள்.

கோயில்கள் மெல்லவே வந்தன. வாடகைக்கு எடுத்த பட்டறைக் கட்டடங்களிலும் நிலவறைகளிலும் விக்கிரகம் வைத்துக் கும்பிட்ட காலம் நீண்டது. ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் 2002இல் கோபுரத்தோடு எழுந்தது. பேர்ண் நகரில் 2014 டிசம்பரில் திறந்த பல்சமய இல்லத்தின் ஒரே கூரைக்கீழ் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த மையமும் ஞானலிங்கேச்சுரர் கோயிலும் இருக்கின்றன. அங்கே பூசை தமிழில். ஊரில் கொழுந்துவிட்டு எரிந்த பகையை நினைத்தால், பள்ளிவாசலும் கோயிலும் ஒரே கூரையைப் பகிரும் அந்தக் கட்டடம் சாதாரணமானதல்ல.

ஆனால் வாவிக்கரைக் குடும்பத்துக்கு ஐரோப்பாவில் பெரிய இழப்பு கோயில் இல்லாததால் வந்ததல்ல, வளவு இல்லாததால் வந்தது. ஊரில் முதற்பிள்ளை பிறக்கும்போது பெண்ணின் தாய் பக்கத்து வீட்டிலிருந்து வருவாள். பெரியம்மாவும் சின்னம்மாவும் அதே வேலிக்குள் இருப்பார்கள். பிள்ளைக்குத் தண்ணி வார்ப்பது, சரக்குக் காய்ச்சுவது, பெற்றவளைத் தூங்க வைப்பது எல்லாம் அவர்கள் பாடு. பேர்ணிலும் பாசலிலும் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் புருசனும் பெண்சாதியும் மட்டும். அம்மம்மாவை அழைத்தால் ஷெங்கன் விசா 90 நாள். பிள்ளை குப்புற விழுகிற பருவத்தில் அவள் திரும்பவேண்டும். ஆகவே ஊரில் பிரசவ அறைப் பக்கம் எட்டிப்பார்க்காத ஆம்பிளைகள் அங்கே பால்போத்தல் கழுவினார்கள், துணி மாற்றினார்கள், பெற்றவளுக்குச் சோறு காய்ச்சினார்கள். புலம்பெயர்ந்த தமிழ் ஆம்பிளை மாறியதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பேசவேண்டும், அந்த மாற்றம் நல்லது.

அம்மம்மாவை நம்பிப் போனவர்கள்

மத்திய கிழக்குக்குப் போனவர்களின் கதை வேறு மாதிரி. அதில் பெருமளவு பெண்கள். 1977இல் பொருளாதாரம் திறந்த பின் தொடங்கிய அந்தப் போக்கை ஒழுங்குபடுத்த 1985இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. 1990களில் வேலைக்கு வெளிநாடு போன இலங்கையரில் பெரும்பான்மை பெண்கள். அவர்களில் பெரும்பான்மை வீட்டுப் பணிப்பெண்கள். பின்னர் ஆண்களின் பங்கு கூடிவிட்டது என்றாலும், பணிப்பெண்களை அனுப்பும் மாவட்டங்களில் மட்டக்களப்பு இன்னும் முன்வரிசையில் நிற்கிறது.

ஏன் மட்டக்களப்பு? வறுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. நாட்டில் வறிய மாவட்டங்கள் வேறும் உண்டு. போரில் புருசனை இழந்த பெண்கள் இங்கே ஏராளம். 2007 மார்ச்சில் படுவான்கரையில் சண்டை மூண்டபோது ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்து எழுவான்கரைப் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் கிடந்தார்கள்; மாடும் நெல்லும் போயின. போர் முடிந்ததும் நுண்கடன் கம்பனிகள் ஊர் ஊராக வந்தன. கிழமைக்குக் கிழமை தவணை கட்ட முடியாமல் ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்த பெண்களின் நிலை அரசையே அசைத்து, 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் வந்தது. இவற்றோடு மகளுக்கான வீடு என்ற தீராக் கடமை. இத்தனைக்கும் மேலாக இன்னொன்று உண்டு: தாய் போனால் பிள்ளையைப் பார்க்க அம்மம்மா அதே வளவில் இருக்கிறாள். புருசன் வீட்டில் வாழப்போன பெண் பிள்ளையை மாமியிடம் விட்டுப் போகவேண்டும். இவள் பெற்ற தாயிடம் விட்டுப் போகிறாள். போகச் சொல்லி நெருக்கியதும் பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம்; போக முடிந்ததும் அதே வழக்கத்தால்தான்.

போகும் வழியில் முதலில் நிற்பவன் சப் ஏஜென்ட். அவன் பெரும்பாலும் தெரிந்த ஆள். கையில் முற்பணம் கொடுப்பான். அது கடனை அடைக்கும், அதோடு மறுத்துச் சொல்ல வாய் வராது. மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, ஒப்பந்தம், காப்புறுதி, பிறகு கட்டுநாயக்கா விமான நிலையம். இறங்கிய நாட்டில் கஃபாலா முறை: விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது, அவர் சம்மதமின்றி வேலை மாறுவது பல நாடுகளில் வெகுகாலம் முடியாத காரியமாக இருந்தது. அகாமா என்ற வதிவிட அட்டை யார் கையில், கடவுச்சீட்டு யார் கையில் என்பதே அவள் சுதந்திரத்தின் அளவு.

வேலைக்குப் போன வீட்டில் எசமானி ‘மாமா’, எசமான் ‘பாபா’. முதல் மாதம் கை சைகையில் போகும். ஆறாம் மாதம் சமையலறை அரபு நாக்கில் ஓடும். தோட்டத்தில் கத்தரி பிடுங்கிய கை கப்ஸாவுக்கு அரிசி அளக்கிறது. நோன்பு மாதத்தில் இரவு பகலாகும். இஃப்தாருக்குச் சமைத்து, சஹருக்குச் சமைத்து, இடையில் மூன்று மணித்தியாலம் தூங்கினால் அதிர்ஷ்டம். காத்தான்குடியின் அயலில் வளர்ந்தவளுக்கு நோன்பும் பெருநாளும் புதிதல்ல. பெருநாளுக்கு முஸ்லிம் சிநேகிதி வீட்டுச் சோறு சின்ன வயதிலேயே பழக்கம். அந்த அறிவு அந்நிய வீட்டில் அவளுக்குப் பிடிமானமாகிறது. 1980களிலும் 90களிலும் குரலைக் கசெட்டில் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள்; கசெட் வந்த அன்று வளவே கூடிக் கேட்டது. இப்போது இமோ செயலியில் முகம் தெரிகிறது. முகம் தெரிவது எப்போதும் ஆறுதல் தருவதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் திரையில் பார்த்துக்கொண்டு இன்னொருவர் பிள்ளைக்குச் சோறூட்டவேண்டி வருகிறது.

மூதூர் ரிசானா நபீக்கின் முடிவு கிழக்கு முழுவதையும் உலுக்கியது. 1988இல் பிறந்த அந்தப் பிள்ளையை, கடவுச்சீட்டில் 1982 என்று பிறந்த ஆண்டை மாற்றி, 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போன வீட்டுக் கைக்குழந்தை இறந்தது. கொலை என்று தீர்ப்பானது. பல தரப்பு வேண்டுகோள்களையும் மீறி 2013 ஜனவரி 9இல் தலை வெட்டப்பட்டது. குழந்தைக்குப் பாலூட்டத் தெரியாத ஒரு சிறுமியிடம் குழந்தையைக் கொடுத்தது அவளுடைய குற்றமல்ல என்று இந்தக் கரையில் இன்றும் தாய்மார் சொல்வார்கள். தாய்மாரின் அந்தத் தீர்ப்புத்தான் நியாயமானது.

அதே 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாமல் போனது; பெரிய பிள்ளைகள் என்றாலும் பார்த்துக்கொள்ளும் ஆளைக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. தகப்பன் போகும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பிள்ளை நலனுக்காக வந்த விதி, கடன்பட்ட பெண்ணை விசிட் விசாவின் பக்கம் தள்ளியது. 2022இன் இறுதியில் ஓமானில் அகப்பட்ட இலங்கைப் பெண்களின் செய்தி வெளியானபோதுதான் அந்தப் பாதையின் முழு அவலமும் தெரிந்தது.

வரும் காசு எப்படிச் சுவராகிறது என்பதை எந்த ஒழுங்கையிலும் பார்க்கலாம். முதல் இரண்டு வருட ஒப்பந்தம் கடனுக்கும் அடகு நகைக்கும் போய்விடும். இரண்டாவதில் அத்திவாரம். மேசன் வந்து கல் வைத்து, யன்னல் மட்டத்துக்கு மேலே நிலைவிட்டம் போடும்போது காசு முடியும். அப்படியே மாரிமழை இரண்டு நனையும். சுவரில் பாசி பிடிக்கும். முன் அறையில் ஆடு கட்டுவார்கள். மூன்றாவது ஒப்பந்தத்தில் கூரை, நான்காவதில் பூச்சும் தரையும். அதற்குள் மகளுக்குப் பதினெட்டு. வீட்டைக் கட்டியவள் அதில் வாழ்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மகள் கல்யாணம் முடிந்ததும் அது மகளுடையது.

உறுதியில் யார் பெயர்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எழுவான்கரைக் கடலோரத்தை வழித்தெடுத்தது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்று கிழக்கில் முதலில் விதித்தார்கள். பிறகு நிறுவனங்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தன. கட்டிக் கொடுத்த வீட்டின் பத்திரம் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற பெயரில் புருசனிடம் போனது. சீதனமாகப் பெண்ணுக்கு வந்த வீட்டைக் கடல் எடுத்தது. அதற்குப் பதிலாக வந்த வீடு ஆணுக்குச் சொந்தமானது. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் ஆழிப்பேரலைக்குப் பின்னான வீடமைப்பை ஆராய்ந்து எழுதியபோது இந்த முரணைச் சுட்டினார்கள். உதவிக்கு வந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல், தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்கு இருந்த ஓர் உரிமையைப் படிவத்தில் ஒரு கோட்டால் மாற்றிவிட்டார்கள்.

வீட்டை எடுத்த அந்தக் கடலே, போர் முடிந்த பிறகு வெளியே போகும் வழியாகவும் திறந்தது. 2012இல் மட்டும் 6,000க்கும் அதிகமான இலங்கையர் மீன்பிடி றோலர்களில் அவுஸ்திரேலியா போனார்கள். கிழக்குக் கடற்கரையிலிருந்து புறப்பட்டவை பல. கொக்கோஸ் தீவு தெரியும்வரை வாரக்கணக்கில் கடல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 13இல் அவுஸ்திரேலியா படகில் வந்தவர்களை நவூரு, மானுஸ் தீவுகளுக்கு அனுப்பும் திட்டத்தை மீண்டும் தொடக்கியது; 2013 செப்டம்பரில் கடலிலேயே மறித்துத் திருப்பும் நடவடிக்கை வந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் தற்காலிக விசாவில் பத்து வருடம் காத்திருந்தார்கள். மனைவியையோ பிள்ளையையோ அழைக்க வழியில்லை. 2023 பெப்ரவரியில்தான் தற்காலிக விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடம் கோரும் வாய்ப்பு அறிவிக்கப்பட்டது. தகப்பனைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் அதற்குள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

2022 பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றது, முதலில் பெற்றோலுக்கு, பிறகு கடவுச்சீட்டுக்கு. அந்த ஆண்டு மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள். டொலர் விலையை அரசு கட்டி வைத்திருந்த மாதங்களில் ஊருக்குக் காசு வங்கியைவிட, வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல் வழியில்தான் கூடுதலாக வந்தது. விலை விடுபட்ட பின் மெல்ல வங்கிக்குத் திரும்பியது. 2023இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டு உழைப்பு ஏறத்தாழ 600 கோடி டொலர். கொரிய மொழித் தேர்வு, ஜப்பானிய மொழி வகுப்பு, ருமேனியாவில் கட்டட வேலை, இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பும் தோட்ட வேலையும் என்று புதிய திசைகள் திறந்திருக்கின்றன. இப்போது போகிறவர்களில் படித்த பிள்ளைகளும் அரசாங்க உத்தியோகத்தரும் உண்டு.

ஐரோப்பாவில் குடியுரிமை பெற்றவர்கள் ஜூலை, ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் வருகிறார்கள். மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் விழும். குடித் திருவிழாவுக்கு வண்ணக்கரிடம் காசு கொடுக்கிறார்கள். மச்சான், மச்சாள் உறவுமுறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். ஆனால் அது தாய் தகப்பன் புறப்பட்ட ஆண்டின் மட்டக்களப்புத் தமிழ், ஊரில் அதே வயதுப் பிள்ளைகள் பேசும் தமிழ் இப்போது வேறு. குடி என்ன என்று பெரியவர்கள் கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். பதில் அங்கேதான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மீதி இருப்பது அந்த வீடுகள். சூரிச்சில் பிறந்த மகளுக்கென்று ஊரில் எழுப்பிய இரண்டு மாடி, வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும். சின்னம்மா வந்து கூட்டி விளக்கு வைப்பாள், அல்லது ஆசிரியக் குடும்பமொன்று வாடகைக்கு இருக்கும். 2014இன் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டுக் குடிமகனுக்குக் காணியைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும், நெருங்கிய உறவுக்கு நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ போகும் காணிக்கும் அதில் விலக்கு உண்டு. இலங்கை 2011இல் நிறுத்திய இரட்டைக் குடியுரிமையை 2015இல் மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து 1992 முதல் அதை அனுமதிக்கிறது. நோர்வே 2020இலும் ஜெர்மனி 2024இலும் வழிவிட்டன. ஆகவே சுவிஸ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகளின் பெயருக்கு ஊர் வளவை நன்கொடை உறுதியாக எழுத முடியும். நொத்தாரிசுமாரிடம் அந்த வேலை இப்போது வருகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு எழுதுவதா, வளவிலேயே இருந்து தாயைப் பார்த்த தங்கையின் மகளுக்கு எழுதுவதா என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே வீடுகளில் நடக்கிறது.